நொட்டாங்கைத் தையல்

“நீங்க நொட்டாங்கையா அக்கா?”

ஊசியை இடது கையில் பிடித்திருந்த முத்தழகு தலையாட்டினாள். தையல் டீச்சர் மரிய அனிதாவின் முகம் சுருங்கியது.

காரைக்குடியில் அனிதா நடத்தும் எம்ப்ராய்டரி வகுப்பில் அன்று முதல் பாடம், செயின் ஸ்டிச். மற்ற எட்டுப் பேருக்கும் துணியில் சங்கிலி சங்கிலியாக விழுந்தது. முத்தழகுக்கு மட்டும் நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சாய் நின்றது. டீச்சர் கையைப் பார்த்துச் செய்தால் எல்லாமே தலைகீழாகப் போனது.

“அடுத்த வாரம் வாங்கக்கா, பாப்போம்” என்றாள் அனிதா.

அடுத்த வாரம் போனால், “இன்னும் ஒரு பத்து நாள் பொறுங்கக்கா.”

முத்தழகுக்குச் சுருக்கென்றது.

ஆவணியில் மகள் சத்தியப்பிரியாவுக்குக் கல்யாணம். முகூர்த்த ரவிக்கைக்குத் தன் கையாலேயே பூவேலை போட வேண்டும் என்ற ஆசையில்தான் கீழச்சிவல்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள், நாற்பத்தேழு வயசில்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். தையல் பீரியடில் நொட்டாங்கையில் ஊசி எடுத்தால் ஸ்கேலால் அடி விழும். அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்தவள், அப்புறம் ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை.

“விட்டுத்தள்ளு புள்ள. கடையில குடுத்தா அழகாப் போட்டுத் தாராக” என்றார் கணவர் வேல்பாண்டி.

“கடையில போடுவாகன்னு எனக்குத் தெரியாதாங்க? நான் போடணும்.”

பத்து நாள் கழிந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

“டீச்சர், முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. இந்தா வா, அந்தா வான்னு இழுத்தடிக்காதீக. நொட்டாங்கைன்னா உங்களுக்கும் எளக்காரமாப் போச்சா?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அனிதா நாற்காலியை இழுத்துப் போட்டு முத்தழகின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசியை இடது கையில் எடுத்தாள்.

“என் கைய மட்டும் பாருங்கக்கா. ஊசியக் கீழருந்து மேல எடுங்க. நூலை வளைச்சுக் கட்டைவிரலால அமுக்குங்க. வந்த ஓட்டையிலயே எறக்கி, வளையத்துக்குள்ள கொஞ்சம் தள்ளி எடுங்க. ம்... இழுங்க.”

முத்தழகு இழுத்தாள். ஒரு கண்ணி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. துணியின் ஓரம் வரைக்கும் நிற்காமல் போனாள்.

“அடி ஆத்தி! வந்துருச்சு டீச்சர்!”

சந்தோஷத்தில் கண் கலங்கினாலும் உள்ளே ஒரு ஆத்திரம் இருக்கத்தான் செய்தது. தானும் நொட்டாங்கைக்காரியாக இருந்துகொண்டு, வகுப்பில் வலது கையால் தைத்துக் காட்டியா இந்தப் பெண் நம்மை இத்தனை நாள் அலையவிட்டாள்?

ஆவணியில் திருப்பத்தூர் மண்டபத்தில் கல்யாணம். மணப்பெண்ணின் ரவிக்கைக் கையைச் சுற்றிக் கொடியும் பூவுமாய் ஓடிய வேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் சம்பந்தியம்மா.

“எந்தக் கடையில குடுத்தீக?”

“கடையா? இந்தக் கையி!” இடது கையை உயர்த்திக் காட்டினாள் முத்தழகு.

பந்திக்கு அழைக்கப் போன வேல்பாண்டி, போகிற வழியெல்லாம், “ரவிக்கையப் பாத்தீகளா? எங்க வீட்டுக்காரி போட்டது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அனிதாவும் கணவன் ஜெரால்டோடு வந்திருந்தாள். பரிசுப் பெட்டியில் பேர் எழுத மறந்துவிட்டதாகச் சொல்லி, அங்கேயே பேனா வாங்கி எழுதினாள். வலது கையால்.

“எழுத்தும் சோத்தாங்கையா டீச்சர்? உங்களையும் பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாகளா?” என்றாள் முத்தழகு.

அனிதா சிரித்து மழுப்பினாள். ஜெரால்டுதான் சொன்னான்:

“அவளுக்கு எல்லாமே சோத்தாங்கைதான்க்கா. நீங்க வகுப்புக்கு வந்தன்னைலருந்து பதினேழு நாளும், விரலெல்லாம் குத்து வாங்கிக்கிட்டு, உங்களுக்காக நொட்டாங்கையில தச்சுப் பழகுனா.”