ஒரு கட்டத்துக்கு ஒரு விஷயம்

“ஒரு கட்டத்துக்குள்ள ஒரு விஷயந்தான் எழுதணும்னு எத்தனை தடவ சொல்லியாச்சு மாமா?”

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பிரசீதா திரையைக் காட்டினாள். முதல் கட்டத்தில் பொன்னப்பன் இப்படி அடித்திருந்தார்: ‘ஜெயன், வயசு 31, ஆரியங்கோடு, பால் சொசைட்டியில் வேலை, அப்பனுக்கு வாய் ஜாஸ்தி, நாய் உண்டு, கடிக்காது.’

பொன்னப்பன் கல்யாணத் தரகர். அவர் முடித்து வைத்ததாகச் சொல்லும் கல்யாணங்களைக் கூட்டினால், குன்னத்துகால் பஞ்சாயத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். நெய்யாற்றின்கரையிலுள்ள இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு நாலு நாளாக வருகிறார். நோட்டிலுள்ள நாற்பது மாப்பிள்ளைகளை எக்செல் அட்டவணையாக்க வேண்டுமாம்.

“எல்லாத்தையும் ஒரே கட்டத்துல திணிச்சா, பொறவு எப்பிடித் தேடுவிய?”

“எனக்கு ஒரே ஒருத்தனைத் தேடினாப் போதும் மக்கா. அதுவும் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. ஒரு பெண்ணு பதினாலு பையன்மாரை வேண்டாம்னுட்டா. அம்மை காரணம் கேட்டா வாயத் திறக்க மாட்டா. இன்னைக்கும் நான் ஆளைக் காட்டலேன்னா, அவ அம்மை வேற தரகரைக் கூப்பிடுவா. முப்பது வருஷத்துப் பேரு போச்சு.”

“அப்பம் ஒழுங்காப் படியுங்க. மேல தலைப்பு போடுங்க. பேரு, வயசு, ஊரு, வேலை.”

“அது போதுமா? பெண்ணு வேற என்ன பாப்பா?”

“உங்க தொழிலை எங்கிட்ட கேட்டா?”

“நான் கிழவனாக்கும். எனக்குத் தெரிஞ்சா பதினாலு பேரு ஏன் திரும்பி வாறான்?”

பிரசீதா பெருமூச்சு விட்டாள். “நகருங்க” என்று கீபோர்டை இழுத்து, தானே தலைப்புகளை அடித்தாள். ‘கல்ஃபுக்குப் போவானா?’ ‘மனைவி வேலைக்குப் போகச் சம்மதமா?’ ‘சாயா போடத் தெரியுமா?’

“சாயாவா?”

“வேலை முடிஞ்சு வாற பெண்ணுக்கு ஒரு கிளாஸ் சாயா போட்டுக் குடுக்கத் தெரியாதவன் எதுக்கு?”

பொன்னப்பன் நோட்டைப் பார்த்தும், நோட்டில் இல்லாததை நினைவிலிருந்தும் சொல்லச் சொல்ல, நாற்பது வரிகளையும் அவளே அடித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்துபோன அரை நிமிடத்தில் அவர் பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசையில் அடுக்கிவிட்டார். மாப்பிள்ளைகள் எல்லாரும் அடுத்தவனின் வயதோடும் வேலையோடும் நின்றார்கள்.

“மாமா, ஆரியங்கோட்டு ஜெயன் இப்பம் துபாயிலாக்கும். வயசு நாப்பத்தஞ்சு.”

“பாவம். காலையில வீட்டிலதான இருந்தான்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி திருப்பினாள். “இனி எதையும் தொடாதிய. வடிகட்டுறதை நான் காட்டுதேன். கல்ஃப், இல்ல. மனைவி வேலை, சம்மதம். சாயா, தெரியும்.”

நாற்பது ஆறாகி, ஆறு இரண்டாகி, கடைசியில் ஒரே வரி மிஞ்சியது. ஜெயன்.

“போட்டோ உண்டா?”

பொன்னப்பன் நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரசீதா பார்த்தாள்.

“நல்லாத்தான இருக்கான். இவனையும் வேண்டாம்னா அந்தப் பெண்ணுக்கு மூளைக்குச் சுகமில்லைன்னு அர்த்தம்.”

“இதை அவ அம்மைகிட்ட சொல்லலாமா டீச்சரே?”

“தாராளமாச் சொல்லுங்க. முதல்ல எந்திரிங்க, அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்கு.”

மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பொன்னப்பன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

“சத்யபாமா, பதினஞ்சாவது ஆளு சரியாச்சு. உன் மவ பிரசீதாவே நாப்பது பேருல தேடி எடுத்தா.”