ஒரு பை ரத்தம்

ஊசி ஏறும்போதுகூட மகள் அழவில்லை. அதுதான் வெல்டரைக் கலக்கியது.

மூன்று வயதுக்கு அவளுக்கு இருந்த வாயைப் பார்த்துத் தெருவே வைத்த பெயர் வாயாடி. பட்டறைக்கு இரும்புக் கேட் செய்யச் சொல்ல வருகிறவர்களை, வீட்டில் யார் சமையல், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்காமல் விடமாட்டாள்.

மழை தொடங்கியதிலிருந்து காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் மழைக்காலத்துக் காய்ச்சல் வராத பிள்ளையே கிடையாது. மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும். விளையாடப் போய்விடுவாள்.

அப்புறம் விளையாடப் போகவில்லை. படுத்தே கிடந்தாள். ஒருவழியாக வாய் ஓய்ந்ததே என்று வீட்டில் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

இன்று விடிந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள்.

டாக்டரம்மா கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிள்ளையின் உள்ளங்கையை விரித்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். மலேரியா ரத்தத்தைத் தின்றுவிட்டது என்றார். மருந்து ஏறுகிறது, ஆனால் மருந்து மட்டும் போதாது, ரத்தமும் ஏற்றினால்தான் பிழைப்பாள்.

வெல்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே ரத்த வங்கிக்கு ஓடினான். இரும்புத் தூணை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி நடக்கிறவன். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினான்.

பரிசோதனை செய்த பெண் அவன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுக் கூடாது என்றாள்.

"உங்க ரத்தத்துலயும் அதே கிருமி இருக்குண்ணா."

தனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே என்று வாதாடினான். வருஷா வருஷம் வந்து வந்து பெரியவர்கள் உடம்புக்குப் பழகிப்போயிருக்கும், வெளியே காட்டாது, பிள்ளைகளால்தான் தாங்க முடியாது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவனுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவளிடம் எடுக்க முடியாது. மச்சான் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினான்.

வாயாடியை அப்போதுதான் வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. அதில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் மூட்டை இறக்குகிற லோடுமேன் ஒருவர், கீழே குந்தி உட்கார்ந்து, சின்னச் சின்னச் சட்டைகளாக மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று வெல்டருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும், பையனா, தேவலையா என்று கேட்டான்.

"அவனுக்கு இனிமே ஊசி எதுவும் இல்ல" என்றார் லோடுமேன்.

பிறகு வாயாடியை வெகுநேரம் பார்த்தார். என்ன குரூப் என்று கேட்டார். கூடையை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மாவைத் தேடிப் போனார்.

மதியத்துக்குள் நர்ஸ் ஒரு பை ரத்தத்தோடு வந்துவிட்டார்.

வெல்டரால் நம்ப முடியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் காலையில் தன் மகனுக்காகக் கொடுத்தது, பொருத்திப் பார்த்தோம், இவளுக்கும் சேருகிறது, இவளுக்கே போடச் சொல்லிவிட்டார் என்றார் நர்ஸ்.

பையன் தேறிவிட்டதால் தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று வெல்டர் சிரித்தான்.

நர்ஸ் குழாயை விரலால் சுண்டிவிட்டு, சொட்டு இறங்குகிறதா என்று பார்த்தார்.

இறங்கியது. பிள்ளையின் நெஞ்சுக்கூட்டின் படபடப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. பாதிப் பை போவதற்குள் வாயாடி கண்ணைத் திறந்து, மேலே தொங்குவது என்ன என்று கேட்டாள். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெல்டர் படிகளில் தாவி இறங்கினான். கடையில் இரண்டு டீயும், பையனுக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினான்.

அவர்கள் இன்னும் கிளம்பவில்லை. வாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். லோடுமேனின் மனைவி மடியில் பையனைப் போர்த்தி வைத்திருந்தாள். ஈ மொய்க்காமல் முகத்தையும் மூடியிருந்தாள்.

தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று வெல்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகள் பேசிவிட்டாள் என்று சொன்னான். லோடுமேன் தலையசைத்தார். டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வெல்டர் பிஸ்கட்டை அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்தான். பையன் எழுந்ததும் கொடுங்கள் என்றான்.

ஒரு வேன் பின்பக்கமாக வந்து வராந்தாவை ஒட்டி நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தார். வழக்கமாகப் பின்னால் கிடத்தித்தான் கொண்டுபோவது, ஆனால் சின்ன உடம்புதானே, மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

வெல்டருக்குப் பிஸ்கட்டை எடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த அம்மாவே அதை எடுத்துக் கூடையில் சட்டைகளின் மேல் வைத்தாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

லோடுமேன் ஒரு கால் வைத்து ஏறியவர், இறங்கித் திரும்பி வந்தார். பை காலியாகிவிட்டதா என்று கேட்டார்.

பாதி இருக்கிறது என்று வெல்டர் எப்படியோ சொல்லிவிட்டான்.

"நடுவுல நிறுத்திடப் போறாங்க. முழுசையும் ஏத்தச் சொல்லுங்க."