தட்டிக்கொட்டி மாமி

ஞானாம்பிகை ரீச்சர், பள்ளிக் கொப்பித் தாளில் அச்சடித்த அந்தச் சிறுவர் புத்தகத்தை மேசையில் எறிந்தார்.

“பத்மாவதி, நீரும் ஒரு பொம்பிளைதானே? மூண்டு புத்தகத்திலையும் உந்தத் தட்டிக்கொட்டி மாமி ஒண்டில் விழுகிறா, இல்லாட்டில் எதையாவது ஊத்துறா. வகுப்பிலை பாதிப் பிள்ளையள் உருண்டு பிரண்டு சிரிக்குதுகள். மற்றப் பாதி ‘பாவம் மாமி’ எண்டு அதுகளோடை அடிபடுதுகள்!”

அட்டையில் இருந்த தன் பெயரைப் பார்க்கவே பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த தேநீரை நீட்டினாள். பாதித் தேநீர் ரீச்சரின் சேலையில் கொட்டியது.

“நியாயம் கேட்க வந்தால் இதுவோ மறுமொழி?” ரீச்சர் விசுக்கென்று எழும்பிப் போய்விட்டார்.

மிச்சத் தேநீரோடு பத்மாவதி அறைக்குள் போனாள். அங்கே கணவர் தியாகலிங்கம் நாலாவது புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

“இனி உங்கடை பேரிலையே எழுதுங்கோ. ஏச்சு வாங்க என்னாலை ஏலாது.”

“பொம்பிளைப் பேர் எண்டால்தான் தாய்மார் நம்பி வாங்குவினம்.”

“அப்ப உந்த மாமியையாவது விடுங்கோ. என்னைப் பார்த்துப் பார்த்து எழுதுறது நீங்கள். ஊர் சிரிக்கிறதும் என்னை, ஏசுறதும் என்னை!”

தியாகலிங்கம் பேனாவோடு ஆவலாய் நிமிர்ந்தார். “அதை விடும். இஞ்சையிருந்து கேட்டனான். தேத்தண்ணி சீலையிலை ஊத்துப்பட்டவுடனை ரீச்சரின்ரை முகம் எப்பிடிப் போச்சுது?”

பத்மாவதி மிச்சத் தேநீரை அவருடைய தாள்களின் மேல் ஊற்றினாள். இந்த முறை கை தவறவில்லை.