வாய் மட்டும் அசைந்த பூனை

இந்தக் கதையை முன்பின் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாகத்தான் இருக்கிறது. டிவி கார்ட்டூன் ஒன்றில் சொக்கி என்ற பூனை வருடக்கணக்காக எலிகளைத் துரத்திவந்தது. முதல் கதையில் அது சுவரிலிருந்து விழும்போது ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகச் சிலிர்க்கும், அப்படியொரு அழகு! போகப்போக வரைகிறவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது. சொக்கிக்கு வாய் மட்டுந்தான் அசைந்தது; அது ஓடுவதுபோலக் காட்ட, பின்னால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

“சொக்கி அக்கா, அதே மரத்தைத்தானே திரும்பத் திரும்பத் தாண்டுறோம்? தலை சுத்துது,” என்றது புதிதாகச் சேர்ந்த எலி.

“பேசியே கதையை ஓட்டுறாங்கடா. எனக்கு விழுறதே மறந்துபோயிடும்போல.”

“அய்யோ, நீ விழுற அழகைப் பார்த்துத்தானே நானே நடிக்க வந்தேன்!”

சொக்கிக்குத் திக்கென்றது. காலையில் மறுஒளிபரப்பாகும் முதல் கதைக்குள் நழுவி, சுவர்மேல் ஏறிக்கொண்டது. புதுக்கதைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் காது கேளாததுபோல ஒய்யாரமாகக் கீழே விழுந்தது.