‘ப’ என்றால் என்ன?

ஒரு கைப்பேசிக்குள் ஒரு தேடல் பெட்டி குடியிருந்ததாம். வீட்டு வேலை பார்க்கும் பூங்கோதையின் கட்டைவிரல் ஓர் எழுத்தைத் தொட்டால் போதும், மீதியை அதுவே எழுதி முடித்துவிடும். ‘ப’ என்றால் ‘பாத்திரம் தேய்க்கும் வேலை’. நாலு வருஷமாக அப்படித்தான். சோப்பில் ஊறித் தேய்ந்த விரல் தொட்டால் திரைக்குச் சட்டென்று உறைக்காது. அதனால் கட்டைவிரலுக்கும் அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் கட்டைவிரல் ‘ப’வைத் தட்டியது.

“பாத்திரம் தேய்க்கும் வேலைதானே? இந்தா,” என்றது பெட்டி.

“இல்ல.” கட்டைவிரல் அதை அழித்தது. “பஸ்.”

“பஸ் வர்ற நேரமா? வேலைக்குப் போகத்தானே?”

“பஸ் ஓட்டணும்.”

பெட்டி சிரித்துவிட்டது. “அடியே, உன்னை எனக்குத் தெரியாதா? நீ இதுவரைக்கும் கேட்டதெல்லாம் என்கிட்டதான் இருக்கு.”

“கேட்டது மட்டும்தானே இருக்கு? தள்ளு.”

கட்டைவிரல் சேலையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அழுத்தியது. சில எழுத்துகள் மூன்றாவது தடவைதான் விழுந்தன. நடுநடுவே பெட்டி நீட்டிய எதையும் அது தொடவில்லை. கடைசியில் ‘பஸ் ஓட்டக் கற்றுத்தரும் இடம்’ என்று முழுசாக எழுதி முடித்தது. கீழே ஓர் ஓட்டுநர் பள்ளியின் எண் வந்தது.

பெட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரிம்மா, இனிமே ‘ப’ன்னாலே இதையே காட்டிடறேன்,” என்றது.

“வேணாம். அடுத்து எங்க போவேன்னு எனக்கே தெரியாது,” என்றபடி கட்டைவிரல் அந்த எண்ணை அழுத்தியது.