கீழே வைத்த கோப்பை

அபூ ஹாத்திம் காபிக் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. அப்படியே கம்பளத்தின் மேல் வைத்துவிட்டார்.

அத்னானுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஜோர்தானின் கரக் ஊரில் விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் 'சரி' என்று சொல்லாமல் அதைத் தொட மாட்டார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் வீட்டுக்காரருக்குத்தான் மானக்கேடு.

அத்னான் வங்கி மேனேஜர். ஆள் எடுக்கிற நேரம் வந்துவிட்டால் அவர் வீட்டில் தினமும் ஆறின காபிதான். ஆனால் இந்த ரொட்டிக்கடைக்காரர்? யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன் என்று ஊரே சொல்லுமே! மகளுக்கு வேலை என்றதும் வைராக்கியமெல்லாம் காற்றில் பறந்துவிட்டதாக்கும்.

"என்ன அபூ ஹாத்திம், நீங்களுமா?"

அவர் தலை தாழ்ந்தது. "வெட்கமாத்தான் இருக்கு சார். உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். மறுபடி மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன்."

"அட, எதுக்கு வெட்கம்? குடிங்க. உங்க பொண்ணு சுந்துஸுக்கு வேலை நேத்தே முடிவாயிடுச்சு. உங்க மச்சான் கர்னல் வந்து இதே இடத்துலதான் கோப்பையை வச்சார். ஒரு பொண்ணுக்கு எத்தனை கோப்பைதான் வைப்பீங்க!"

அபூ ஹாத்திம் தொடவில்லை.

"தெரியும் சார். அதனாலதான் வந்தேன். அந்தக் கோப்பையை மறந்துடுங்க."

"வேலை வேண்டாங்கிறீங்களா?"

"வேணும் சார். கண்ணு முழிச்சுப் படிச்ச பொண்ணு. மார்க் இருந்தா குடுங்க, இல்லேன்னா விட்டுடுங்க. மாமா சிபாரிசுல வந்த வேலைக்குப் போக மாட்டேன்னு நேத்துலேர்ந்து சாப்பிடாம உக்காந்திருக்கா. 'என்னைவிட அதிக மார்க் வாங்கினவ எங்கயோ அழுதுக்கிட்டிருப்பாளேப்பா'ங்கிறா. அவ முகத்தைப் பார்க்கவே முடியல சார்."

அத்னான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மார்க்கை மட்டும் பார்க்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. குடிச்சுட்டுப் போறேன்."

"சரி... மார்க்கை மட்டும்தான். குடிங்க." அத்னான் கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போய் அவளைச் சாப்பிடச் சொல்லுங்க. அவளுக்கு மேல யாருமே இல்லை. பரீட்சையில அவதான் முதல்."

அபூ ஹாத்திமுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"மார்க்கைப் பார்த்துத்தான் எடுத்திருக்கீங்க. நாங்கதான் உங்களைத் தப்பா நினைச்சுட்டோம், மன்னிச்சுடுங்க. அல்லாஹ் உங்க முகத்தைப் பிரகாசமாக்கட்டும்!" அத்னானின் தோளில் முத்தமிட்டுவிட்டு, பிள்ளை மாதிரி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அத்னான் எழுந்து வழியனுப்பக்கூட இல்லை. அந்த வெறும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டு வர ஆளில்லாத பெண்தானே என்று, கர்னல் வருவதற்கு முந்தின நாள் பட்டியலிலிருந்து அந்த முதல் மார்க் வாங்கினவளின் பெயரை அடித்துவிட்டதே அவர்தான்.