நடுவில் ஒரு சைபர்

"நாளைக்கும் கழித்தல்ல தப்பு வந்தா, கணக்குப் போட்டி டீம்லேர்ந்து உங்க பொண்ணை எடுத்துடுவாங்களாம். டீச்சர் போன் பண்ணாங்க" என்றாள் மனைவி. "எல்லாம் உங்க குடும்பத்து மூளை!"

பிளம்பருக்குச் சுருக்கென்றது. அந்தப் போட்டிக்காக மகள் தவம் கிடக்கிறாளே!

கையைக் கழுவிவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஊரே அவரைத்தான் கூப்பிடுகிறது. ஒரு கழித்தல் கணக்கு எம்மாத்திரம்?

"நானூத்தி மூணுல நூத்தி ஐம்பத்தேழு போனா எவ்வளவு? ஒவ்வொரு படியா, சத்தமாச் சொல்லும்மா."

"மூணுல ஏழு போகாதுப்பா. பக்கத்துல கடன் கேக்கணும்."

"கேளேன்."

"பக்கத்துல சைபர். அதுவே ஒண்ணும் இல்லாம நிக்குது. அது நாலுகிட்டப் போய்க் கேக்கும். நாலு மூணாயிடும், சைபர் பத்தாயிடும். அந்தப் பத்து நம்ம மூணுக்கு ஒண்ணு குடுத்துட்டு, ஒன்பதாயிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பதிமூணுல ஏழு போனா ஆறு. ஒன்பதுல அஞ்சு போனா நாலு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு. இருநூத்தி நாப்பத்தாறு!"

"அடி சக்கை! எழுது, எழுது."

அவள் நோட்டில் 354 என்று எழுதினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 354தான். நோட்டைப் புரட்டினார். மற்ற கணக்குகள் எல்லாம் சரி. நடுவில் சைபர் வந்தால் மட்டும் தப்பு. அதுவும் ஏனோதானோ தப்பு இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து வைத்திருந்தாள்.

இதென்னடா கூத்து என்றிருந்தது அவருக்கு.

"வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுதே! போட்டிக்குப் போக வேண்டாமா உனக்கு?"

"போகணும்ப்பா." கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ரப்பரைத் தொடவில்லை.

"பின்ன ஏம்மா இப்படி?"

"என் பெஞ்சுல இருக்கிறவ இப்படித்தான் போடுவா. நான் சொல்லிக்குடுத்துப் பாத்தேன், புரியல. டீச்சர்கிட்ட கேக்கவும் அவளுக்குப் பயம். டீச்சர் மறுபடி நடத்தினதுல இப்பத்தான் பாதி புரிஞ்சிருக்கு."

"அதுக்கு நீயும் தப்பாப் போடணுமாடி?" அடுப்படியிலிருந்து அம்மா பாய்ந்து வந்தாள்.

"ஒருத்தர் மட்டும் தப்புன்னா டீச்சர் திட்டிட்டு விட்டுடுவாங்கம்மா. ரெண்டு பேர் அதே தப்பைப் பண்ணினாத்தான், திரும்பவும் போர்டுல போட்டுக் காட்டுவாங்க."